ஏறிய குழலும் ஏறாத குழலும்

2008-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி பட்டத்தைச் சென்னை மியூசிக் அகாடமி கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜனுக்குக் கொடுத்தது. 2022-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவரைப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள். சீமையிலிருந்து வந்த ஒரு வாத்தியத்தை நம்முடைய சங்கீதத்துக்குப் பணிய வைத்தார், கமகம் பேசாத கருவியைக் கமகம் பேச வைத்தார் என்று. பாராட்டு நியாயமானதுதான். அதில் எனக்குத் தகராறு இல்லை. ‘நம்முடைய’ என்கிற சொல்லில்தான் தகராறு.

செஞ்சி, வளத்தி, அவலூர்பேட்டை, மேல்மலையனூர் என்று எங்கள் சுத்துப்பட்டில் கிளாரினெட்டைச் சீமை வாத்தியம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கிளார்நெட்டு’ என்பார்கள். கல்யாணத்துக்கும் அது வேண்டும், காது குத்துக்கும் வேண்டும், சாமி ஊர்வலத்துக்கும் வேண்டும், வயசாகிச் செத்தவரின் கல்யாணச் சாவுக்கும் வேண்டும். அதை ஊதுகிறவர்கள் பெரும்பாலும் காலனிக்காரர்கள். பேண்டு செட்டில் ஊதுகிறார்கள். இவர்களுடைய உதட்டுக்கு அந்தக் கருவி எப்போதோ பணிந்துவிட்டது. யாரும் பட்டம் கொடுக்கவில்லை என்பதாலேயே அது பணியவில்லை என்று ஆகிவிடுமா? ஏ.கே.சி.யின் கலை வாழ்க்கையைப் பேசும்போது இந்த உதடுகளையும் சேர்த்துப் பேசாவிட்டால் அது பாதிப் பேச்சு.

நடராஜன் 1931-இல் பிறந்தவர். திருச்சிக்காரர். வாய்ப்பாட்டில் ஆலத்தூர் வெங்கடேச அய்யரிடமும், நாகசுரத்தில் இலுப்பூர் நடேச பிள்ளையிடமும் பாடம். பிறகுதான் கிளாரினெட். இந்த வரிசை முக்கியம். அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது புல்லாங்குழல்காரர் வாசிப்பு மாதிரி பாட்டை ஒட்டி ஒட்டிப் போகிற வாசிப்பு அல்ல. நாகசுரத்துக்காரரின் நெஞ்சுக் காற்று அது. ராகத்தை எடுத்தால் அவசரப்படாமல் தெருவை அளந்து நடக்கிற மாதிரி நடக்கும். திடீரென்று பிருகாக்கள் கொட்டும். மேல் ஸ்தாயியில் கூச்சமில்லாமல் நிற்கும். சாவி வைத்த கருவியில், ஓட்டையை விரல் முழுக்க மூடாமல் வழித்தும், உதட்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைத்துக்கொண்டு போவது லேசான வேலையில்லை. சாவி என்பதே சுரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதற்காக ஏற்பட்டது. அந்த வெட்டையெல்லாம் ஒட்டிக் காட்டினார் அவர். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று அவருக்குப் பேர் வைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாகசுரச் சக்கரவர்த்தியே கொடுத்த பட்டம் என்பதால் அதற்கு மரியாதை அதிகம். அந்த ராஜரத்தினத்துக்கு அகாடமி கலாநிதி கொடுக்கவே இல்லை, 1956-இல் அவர் செத்தும் போனார் என்பதை இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். சபாவின் கணக்குப் புத்தகம் எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமல்லவா.

ஆனால் கிளாரினெட்டைத் தமிழ்நாட்டு மேடைக்கு முதலில் கொண்டுவந்தவர் ஏ.கே.சி. இல்லை. அவர் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூர் அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு இருந்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) வைத்திருந்தார். முத்துசாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுசுர சாகித்தியம் என்று இன்றும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதுக்கு அப்புறம் சின்ன மேளத்தில், அதாவது சதிர்க் கச்சேரியில், முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். தேவதாசிப் பெண்கள் ஆடினார்கள், நட்டுவனார் தாளம் போட்டார், பின்னால் நின்று கிளாரினெட் அழுதது. பாலசரஸ்வதியின் கச்சேரியில் கிளாரினெட் இருந்தது. மற்றவர்களின் பரதநாட்டிய மேடையில் அது காணாமல் போய்ப் புல்லாங்குழல் வந்து உட்கார்ந்தது.

ஏன் போனது? சத்தம் கூட என்றார்கள். நளினம் போதாது என்றார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. 1930-களில் சதிர் பரதநாட்டியம் ஆனபோது, தாசி வீட்டு வாசனை அடிக்கிற எதுவும் அதில் இருக்கக்கூடாது என்று துடைத்தார்கள். நட்டுவனார் நின்றுகொண்டே நடப்பதும் போயிற்று, கிளாரினெட்டும் போயிற்று. கையில் புல்லாங்குழலைக் கொடுத்தால் கிருஷ்ணன் வருவான், கிளாரினெட்டைக் கொடுத்தால் யார் வருவார்கள்? ஆக ஏ.கே.சி. எடுத்தது அந்நியக் கருவியை இல்லை, துரத்தப்பட்ட கருவியை. சதிர் மேடையிலிருந்து துரத்தப்பட்டதை நாகசுர வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கச்சேரி மேடையில் ஏற்றினார். இது பெரிய காரியம். சபாவின் பாராட்டுரையில் இந்தக் காரியத்துக்கு இடம் கிடையாது. துரத்தியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? ‘சீமை வாத்தியம்’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சதிரை நடுவிலிருந்து உருவிவிடலாம்.

முகவீணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது எங்கள் பக்கம் தெருக்கூத்தில் இன்னும் ஊதுகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை வரைக்கும் நிற்காமல் ஊதும். கூத்தாடி சொன்ன வரியை இழுத்துப் பிடித்து அடுத்த வரி வருகிறவரை கீழே விழாமல் வைத்திருப்பது அதுதான். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முகவீணைக்காரருக்கு இன்னும் கூத்து நோட்டீசில் பேர் வருவதே பெரும்பாடு.

இனி பேண்டுக்கு வருவோம். பட்டாளம் எங்கே போனதோ அங்கே பேண்டு போனது. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அப்புறம் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் நிறையப் பேர் சிப்பாயாக இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘போர்க்குலம்’ என்கிற கணக்கு வந்து அந்தக் கதவைச் சாத்தியது. பட்டாளத்திலிருந்து திரும்பினவன் கொண்டுவந்த பழக்கங்கள் பல. பூட்ஸ், கோட்டு, கால் மாற்றி நடக்கிற நடை. இந்தப் பழக்கங்களெல்லாம் பேண்டு செட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

எங்கள் பெரியப்பா முறையில் ஒருத்தர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். பகலில் நெல் அறுப்பு, கரும்பு வெட்டு. முகூர்த்த நாள் வந்தால் பேண்டு. அவருக்கு சுரம் எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. டீக்கடை ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டை ரெண்டு தடவை கேட்டால் மூணாவது தடவை ஊதுவார். ரீடு தேய்ந்துபோனால் புதுசு வாங்கக் காசு இருக்காது, பிளேடால் சீவிச் சீவியே ஒரு சீசனை ஓட்டுவார். மூட்டு தளர்ந்த இடத்தில் நூல் சுற்றுவார். அந்த கிளாரினெட் மீரட்டில் செய்தது என்று சொல்வார். மீரட்டில் ஜாலி கோட்டி என்கிற தெரு முழுக்க பேண்டு வாத்தியம் செய்கிறவர்கள்தான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

அவருடைய கோட்டுதான் எனக்கு மறக்காதது. சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம், தலையில் தொப்பி, காலில் வெள்ளை ஷூ. அந்தக் காலத்தில் எங்கள் சனங்கள் ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். துண்டைத் தோளில் போடக்கூடாது. ஆனால் பேண்டு செட்டில் வந்தால் ஷூ போட்டுக்கொண்டு, கோட்டு மாட்டிக்கொண்டு, தொப்பியோடு நடுத்தெருவில் நடக்கலாம். ஊர்க்காரன் கண்ணுக்கு அது வேஷம், அதனால் விட்டான். பெரியப்பாவுக்கு அது வேஷமில்லை. ஊர்வலம் முடிந்தும் வீடு வருகிறவரை அவர் கோட்டைக் கழற்ற மாட்டார். சாப்பாடு மட்டும் அந்தக் கோட்டோடேயே கொல்லைப்புறத்தில், தனி இலையில். கூலியும் அங்கேதான் எண்ணிப் போடுவார்கள், கை படாமல்.

இதை ராஜரத்தினம் பிள்ளையோடு வைத்துப் பாருங்கள். நாகசுரக்காரன் திறந்த மார்போடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் வாசிக்கவேண்டும் என்ற வழக்கம் இருந்தபோது, கிராப்பு வெட்டிக்கொண்டு, ஷெர்வானி மாட்டிக்கொண்டு, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றவர் அவர். வித்துவான் செய்தபோது அது கலகம் என்று வரலாற்றில் ஏறியது. பேண்டு செட்காரன் செய்தபோது யூனிபார்ம். பறையிலிருந்து பேண்டுக்குப் போனதை வெறும் ரசனை மாற்றம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. சட்டையில்லாமல் பறையடித்தவனின் மகன் கோட்டு மாட்டிக்கொண்டு கிளாரினெட் ஊதினான். நடந்த தெரு அதேதான்.

கடல் தாண்டிப் போய் ஒரு கிளாரினெட்காரரைப் பார்த்துவிட்டு வருவோம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ். 1900-இல் பிறந்து 1968-இல் செத்த ஜார்ஜ் லூயிஸ். அவர் முன்னோரில் ஒருத்தி செனகலிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை. இவருக்கும் சுரம் படிக்கத் தெரியாது, காதால் கேட்டு வாசித்தவர். 1920-களில் அந்த ஊரின் நல்ல நல்ல பேண்டுகளில் ஊதினார். ஊரை விட்டுப் போகவில்லை. பொருளாதார மந்தம் வந்தபோது துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1942-இல் பழைய ஜாஸைத் தேடிவந்த வெள்ளைக்காரர்கள் பங்க் ஜான்சன் என்ற டிரம்பெட்காரரைக் கண்டுபிடித்து ரெக்கார்டு போட வந்தபோது, கிளாரினெட்டுக்கு ஜார்ஜ் லூயிஸைக் கூப்பிட்டார்கள். அந்தப் பங்க் ஜான்சனும் கண்டுபிடிக்கப்படும்வரை நெல் வயல் வேலை பார்த்தவர்தான். நெல் வயலும் பேண்டும் எங்கள் ஊரோடு நிற்கிற சங்கதி இல்லை போலிருக்கிறது.

1944-இல் துறைமுகத்தில் சரக்கு சாய்ந்து லூயிஸின் நெஞ்சு நசுங்கியது. படுக்கையில் கிடந்தார். வில்லியம் ரசல் என்பவர் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார். உடைந்த நெஞ்சிலிருந்து காற்றை எடுத்து அவர் வாசித்த மெட்டுக்கு ‘பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ என்று பேர். அவரே கட்டிய மெட்டு. தன் ஊர்த் தெருவின் பேரை வைத்தது. அலட்டல் இல்லாத மெட்டு அது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொண்டே போகும். எங்கள் வீட்டுப் பெண்கள் ஒப்பாரியில் இதைத்தான் செய்வார்கள். வரி ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் விம்மல் விழும். பின்னாளில் இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் அவரை அழைத்துப்போனார்கள். உலகம் பூராவும் பிள்ளைகள் அவரைப்போல ஊதப் பழகினார்கள்.

நியூ ஆர்லியன்சில் சாவுக்கு பேண்டு வரும். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக, கனமாக வாசிப்பார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலாக வாசிப்பார்கள், பின்னால் சனம் ஆடிக்கொண்டே வரும். நம்முடைய கல்யாணச் சாவைப் பார்த்தவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அங்கே அந்தச் சாவு பேண்டிலிருந்து உலகத்தை ஆட்டிவைத்த ஒரு சங்கீதம் பிறந்தது. இங்கே பிறக்கவில்லை. திறமை இல்லாமலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த ஊரில் கறுப்பர்களுக்குள்ளேயே ரெண்டு அடுக்கு இருந்தது. கிரியோல்கள் கலப்புப் பரம்பரை, வெளிர் நிறம், பிரெஞ்சு பேசுகிறவர்கள், சுரம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். லொரென்ஸோ டியோ மாதிரியான கிளாரினெட் வாத்தியார்கள் அவர்களிடம் இருந்தார்கள். சிட்னி பெஷே அங்கே வந்தவர்தான். நகரத்தின் மேல்பக்கம் இருந்த கறுப்பர்கள் விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள், காதால் கேட்டு வாசிக்கிறவர்கள். கிரியோல் இவர்களோடு சேர மாட்டான். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை, ஏறுவரிசையில் மரியாதை, இறங்குவரிசையில் இழிவு என்பது அங்கேயும் ஒரு தினுசில் இருந்தது. 1890-களில் நிறப் பிரிவினைச் சட்டங்கள் வந்தன. அதை எதிர்த்து ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி வழக்குப் போட்ட ஹோமர் பிளெஸ்ஸி ஒரு நியூ ஆர்லியன்ஸ் கிரியோல். 1896-இல் அவர் தோற்றார். ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் இருந்தாலும் நீ கறுப்பன்தான் என்று சட்டம் கிரியோலையும் கீழே தள்ளியது. பாட நோட்டு வைத்திருந்த கிளாரினெட்டும் காது வைத்திருந்த கொம்பும் ஒரே பேண்டில் நிற்க வேண்டிவந்தது. ஜாஸ் பிறந்த கதையில் இது முக்கால்வாசி.

இங்கே என்ன நடந்தது? சின்ன மேளத்துக் கிளாரினெட்டும் இழிவுபட்டதுதான். தாசி வீட்டு வாத்தியம் என்று மேடையிலிருந்து இறக்கினார்கள். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி நின்றது. ஆனால் இறக்கப்பட்டவனுக்கு ஒரு ஏணி மிச்சம் இருந்தது. கோயில் இருந்தது, நாகசுர மரபு இருந்தது, கீர்த்தனை இருந்தது. அந்த ஏணியில் ஏறினால் சபா வாசல்வரை போகலாம். பக்கவாட்டில் சேரிக்கு ஏணி கிடையாது. கிளாரினெட் மேளத்தெருவிலும் இருந்தது, சேரியிலும் இருந்தது. ரெண்டும் ஒரே தெருவில், ஒரே கல்யாணத்தில்கூட வாசித்திருக்கும். முகூர்த்த மேடைக்குப் பக்கத்தில் ஒன்று, மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு முன்னால் இன்னொன்று. ஒன்றாக நின்று வாசிக்கவில்லை. சாதி என்பது என்ன செய்யும் என்றால், ஒரு கருவியை ரெண்டு கருவியாக்கிவிடும். ஏ.கே.சி.யைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இருந்த ஏணியில் ஏறினார், அதுவும் சுலபமாக ஏறவில்லை. எந்தச் சுவரில் அந்த ஏணி சாய்ந்திருந்தது என்று விமர்சகன் கேட்க வேண்டும். நம் சங்கீத விமர்சகர்கள் கேட்டதில்லை.

வார்த்தைகளையும் கவனியுங்கள். ஏ.கே.சி. ராகத்தை அப்போதைக்கப்போது புதிதாகக் கட்டிக்கொண்டு போவதற்கு மனோதர்மம் என்று பேர். என் பெரியப்பா, ஊர்வலம் முக்கில் நின்றுவிட்டால், பாட்டின் அடுத்த அடிக்குப் போகாமல் பல்லவியையே வளைத்து நெளித்துப் பத்து நிமிஷம் ஓட்டுவாரே, அதற்கு ‘இட்டுக்கட்டுறது’ என்று பேர். இட்டுக்கட்டுவது என்றால் இன்னொரு அர்த்தம் பொய் சொல்வது. அதே வேலையை ஜார்ஜ் லூயிஸ் செய்தால் இம்ப்ரொவைசேஷன் என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடக்கிறது. பெரியப்பா வாசித்தது சினிமா மெட்டு என்று ஒதுக்குவார்கள். ஜாஸ்காரனும் அன்றாடம் தெருவில் புழங்கின பாட்டை எடுத்துத்தான் உடைத்துக் கட்டினான். பாட்டு யாருடையது என்பதைவிட முக்கில் நிற்கும்போது என்ன செய்தான் என்பதுதான் கேள்வி.

ஜார்ஜ் லூயிஸைக் கொண்டாடியவர்களிடமும் கோளாறு உண்டு. பழைய நியூ ஆர்லியன்ஸ் வாசிப்புதான் சுத்தம், மற்றதெல்லாம் கெட்டுப்போனது என்ற ஒரு பைத்தியம் 1940-களில் அந்த வெள்ளைக்கார ரசிகர்களைப் பிடித்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது மாறாத ஒரு கறுப்பன். நகரத்துக்குப் போய்ப் புதுசு புதுசாகச் செய்துகொண்டிருந்த கறுப்பு இளைஞர்களை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. லூயிஸ் வாசிப்பில் சுருதி விலகுகிற இடங்களைக்கூட அசல் என்று மெய்சிலிர்த்தார்கள். கூலிக்காரன் வாசித்தால் தப்பும் அழகுதான் என்பது ஒரு தினுசான அவமரியாதை. அவர் தொனியின் வெதுவெதுப்பு, மூன்று குழல்கள் சேர்ந்து ஓடும்போது மற்ற ரெண்டுக்கும் இடம் விட்டு மேலும் கீழும் கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு வருகிற அந்த அறிவு, இதைப் பற்றி எழுதாமல் அவர் வறுமையைப் பற்றி எழுதினவர்கள் அதிகம்.

நம் பக்கமும் இந்தப் பைத்தியம் இல்லாமலில்லை. இதைச் சொன்னால் தோழர்களுக்குக் கோபம் வரலாம், வரட்டும். தொண்ணூறுகளில் தலித் இயக்கங்கள் பறையைக் கையிலெடுத்தன. அதற்கு முன்னால் எங்கள் தென்னார்க்காட்டிலேயே எல். இளையபெருமாள், சாவுக்குப் பறையடிப்பதை விடு, செத்த மாடு தூக்குவதை விடு என்று ஊர் ஊராகச் சொன்னார். தீண்டாமை பற்றி ஆராய 1965-இல் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969-இல் அறிக்கை கொடுத்தவர் அவர். அவர் வழி விடுகிற வழி, தொண்ணூறுகளின் வழி திருப்பி எடுக்கிற வழி. ரெண்டுக்கும் நியாயம் உண்டு. பறை விடுதலைக் கருவி என்று மேடையேறி, 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைக்கிறவரை வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்த ரெண்டு வழியிலும் பேண்டு செட்காரனுக்கு இடமில்லாமல் போனது. இளையபெருமாள் வழியில் பார்த்தால் அவன் இன்னும் ஊருக்கு ஊதுகிறவன். மீட்புக்காரர்கள் வழியில் பார்த்தால் அவன் கருவி ஆதிக் கருவி இல்லை, மெட்டு சினிமா மெட்டு, உடுப்பு வெள்ளைக்காரன் உடுப்பு. நம் கலைவிழா மேடைகளில் பறை உண்டு, ஒயில் உண்டு, கானா உண்டு. கிளாரினெட்டை நான் பார்த்ததில்லை. ஆதியிலிருந்து வந்ததுதான் நம்முடையது என்றால், நூறு நூற்றைம்பது வருஷமாக நம் ஆட்கள் வாயில் வைத்து எச்சிலும் மூச்சும் கொடுத்து வளர்த்தது யாருடையது?

கறுப்பர் கிளாரினெட் நம்ம பக்கம் வராமலும் இல்லை. 1963-இல் டியூக் எலிங்டன் தன் குழுவோடு இந்தியா வந்தபோது சென்னையிலும் வாசித்தார். கூட வந்த ஜிம்மி ஹாமில்டன் கிளாரினெட்காரர். அந்தப் பயணத்துக்குப் பிறகு எலிங்டன் குழு போட்ட ‘ஃபார் ஈஸ்ட் சூட்’டில் இந்தியாவில் கேட்ட மைனாவை ஹாமில்டன் கிளாரினெட்டில் கூவ வைத்திருக்கிறார். மைனா அவர்கள் காதில் விழுந்தது. அன்றைக்கு ஏதாவது ஒரு தெருவில் ஒரு சாவு பேண்டு போயிருந்து, அது அவர்கள் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். சும்மா ஒரு ஆசை.

மேல்மலையனூரில் மாசி மாசம், சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். பருவதராஜ குலத்துப் பூசாரிகள் தூக்கிப்போகிறார்கள். பம்பை, உடுக்கை, சிலம்பு. சனம் தானியத்தையும் காய்கறியையும் காசையும் வாரி இறைக்கிறது, வாரி எடுக்கிறது. லட்சக்கணக்கில் கூட்டம். அன்றைக்கு ஒரு நாள் சுடுகாட்டுச் சாம்பல் பிரசாதம், நெற்றியில் பூசிக்கொள்வார்கள். மறுநாள் அதே மாதிரிச் சாம்பலைத் தினம் மிதிக்கிறவன் தள்ளி நிற்கவேண்டியவன். சாவைச் சாமியாக்கிக் கும்பிடத் தெரிந்த ஊருக்கு, சாவுக்கு ஊதுகிறவனைக் கலைஞன் என்று சொல்லத் தெரியவில்லை. நியூ ஆர்லியன்சில் சாவு பேண்டைக் கேட்பதற்கென்று டிக்கெட் வாங்கி விமானத்தில் வருகிறார்கள். எங்கள் ஊருக்கும் அமாவாசைக்கு அமாவாசை பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், ஊஞ்சலைப் பார்க்க. செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில். கல்லுக்கு யார் வந்தார்கள் போனார்கள் என்ற கணக்கு இருக்கிறது. பட்டாளம் விட்டுப்போன காற்றுக்குக் கணக்கு இல்லை.

இன்றைக்கு எங்கள் பக்கம் பேண்டு செட் குறைந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது, டி.ஜே. வருகிறது. பேண்டு செட் இருந்தாலும் டாடா ஏஸ் வண்டியில் கீபோர்டும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கீபோர்டிலேயே கிளாரினெட் சத்தம் வருகிறது, பொத்தானை அழுத்தினால் போதும். அது ரீடு கேட்காது, சாராயம் கேட்காது, முக்கில் நின்று வளைத்து நெளிக்கவும் செய்யாது. ஊதத் தெரிந்தவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். பலருக்கு நெஞ்சில் காற்று இல்லை.

பெரியப்பாவிடம் அவர் சொந்தமாகக் கட்டின மெட்டு ஒன்று இருந்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பி முதல் திருப்பம்வரை மட்டும் வாசிப்பார், அதுக்கு அப்புறம் சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார். எங்கள் ஆயா மாரடித்துப் பாடின ஒப்பாரி இழுப்பிலிருந்து எடுத்தது அது என்று வீட்டில் சொல்வார்கள். பேர் கிடையாது. அவர் தெருவின் பேரை வைத்திருக்கலாம், ஆனால் எங்கள் தெருவுக்கு அப்போது பேரில்லை, காலனி என்றுதான் சொல்வார்கள். யாரும் பதிவு செய்யவில்லை. நான் ஓரளவுக்கு முனகிக் காட்டுவேன், நடுவில் ஒரு இழுப்பு எனக்கு வராது.

இந்த இதழைப் படிக்கிறவர்கள் யாராவது உங்கள் ஊர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவரின் பேரை எழுதி அனுப்புங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை, யாரிடம் கற்றுக்கொண்டார், கருவி எங்கே வாங்கினது, சாவுக்கு முதலில் எதை ஊதுவார். உயிரோடு இருந்தால் செல்போனிலாவது ஒரு அஞ்சு நிமிஷம் பிடித்துவையுங்கள். கோட்டு இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.